பச்சைக் கரை போட்ட குஷன்

என் சகலைக்கு முதுகு வலித்ததிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. எனக்கு மூன்று வருடமாக வலிக்கிற முதுகைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவனுக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வலித்தது. ஈப்போ சிலிபினில் இருக்கும் மாமியார் வீட்டில் சாப்பிடும்போது அதைச் சொன்னான். மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“என்னா மாப்ள சொல்றீங்க? அந்த ஏரோப்ளேன் சீட்டு அவ்ளோ கெட்டியாவா இருக்கு?”

“பலக மாதிரி இருக்கு அத்தை.”

“அய்யோ, புள்ளைக்கு முதுகு என்னாவறது!”

சொல்லிக்கொண்டே கோழித் தொடையை எடுத்து அவன் தட்டில் வைத்தார். நான் தொடைக்காக அலைகிற ஆள் இல்லை. ஆனால் எனக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருடம். முதல் எட்டு வருடம் அந்தத் தொடை எனக்குத்தான் வந்தது. என் மனைவியின் தங்கையை இவன் கட்டிக்கொண்டு வந்த பிறகு எனக்கு நெஞ்சுக்கறி. இதையெல்லாம் ஒரு மனிதன் கணக்கில் வைத்துக்கொள்வானா என்று கேட்டால், வைத்துக்கொள்வான்.

அவன் என்னைவிட ஒன்பது வயது இளையவன். ஐந்தடி பத்து அங்குலம். ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை, வெள்ளைக் கோட்டு. நான் ஐந்தடி ஒரு அங்குலம். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கிறேன். என் சட்டையில் எப்போதும் கிரீஸ் இருக்கும். மாமியார் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், வருகிறவர்கள் அவனைப் பார்த்து, “மாப்ளையா?” என்பார்கள். என்னைப் பார்த்து, “வயரிங் வேலைக்கு வந்தீங்களா?” என்று ஒருவர் கேட்டே விட்டார்.

இப்படிப்பட்டவனை நான்தான் கிளைடர் கிளப்புக்குக் கூட்டிப்போனேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

ஈப்போவிலிருந்து முக்கால் மணி நேரம் போனால் அந்த இடம் வரும். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பிறகு மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். மருந்தடிக்கும் விமானத்துக்காக நடுவில் ஒரு புல் ஓடுபாதை போட்டார்கள். மருந்தடிப்பது நின்றுபோனது, ஓடுபாதை மட்டும் கிடந்தது. அதை ஒரு சின்ன கிளப் வாடகைக்கு எடுத்து வார இறுதியில் கிளைடர் ஓட்டுகிறது. கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. ஓடுபாதையின் மறுமுனையில் வின்ச் என்று ஒன்று நிற்கும், பழைய லோரி இன்ஜினும் ஒரு பெரிய உருளையும். அதிலிருந்து ஒரு கம்பி இந்த முனைவரை வரும். கிளைடரின் வயிற்றில் அதை மாட்டிவிட்டதும், அங்கே உருளை கம்பியைச் சுற்ற, இங்கே கிளைடர் பட்டம் மாதிரி எழும்பும். மேலே போனதும் ஓட்டுபவர் மஞ்சள் குமிழை இழுத்துக் கம்பியைக் கழற்றிவிடுவார். பிறகு காற்றுதான்.

அந்த வின்ச்சின் கியர்பாக்ஸைச் சரிசெய்யத்தான் முதலில் போனேன். சரிசெய்தேன். நன்றிக்கு ஒரு தடவை மேலே ஏற்றிக்காட்டினார்கள். அன்றைக்கே பறக்கிற ஆசையில் விழுந்துவிட்டேன். மாணவனாகச் சேர்ந்து மூன்று வருடமாகியும் தனியாகப் பறக்க அனுமதி கிடைக்கவில்லை. ஏறுவதெல்லாம் நன்றாக வரும். இறங்கும்போது மட்டும் தரை எங்கே இருக்கிறது என்று எனக்கும் தரைக்கும் ஒத்துப்போகாது. சகலை வந்து பத்தே மாதத்தில், எங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அம்மா அவனிடம், “அடுத்த வாரம் வானம் நல்லா இருந்தா நீ தனியாப் போற” என்று சொல்லிவிட்டார். அவர் ஈப்போவில் பல் டாக்டர், மலாய்க்காரர். எல்லாரும் அவரை மலாயில் டீச்சரைக் கூப்பிடுகிற மாதிரி ‘சிகு’ என்போம். நல்ல மனுஷி. அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

சீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் குட்டை, கால் பெடலுக்கு எட்டாது. முதுகுக்குப் பின்னால் ஏதாவது வைத்து என்னை முன்னால் தள்ள வேண்டும். முதல் நாள் வீட்டுத் தலையணையைக் கொண்டுபோனேன். சிகு அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பாடமே எடுத்தார். வின்ச் இழுக்கும்போது நின்ற இடத்திலிருந்து மூன்று நான்கு நொடியில் நெடுஞ்சாலை வேகம் வந்துவிடும். அந்த இழுப்பில் உடம்பு முழுக்க முதுகுப்பக்கம் போய் அழுந்தும். பின்னால் இருப்பது மெத்தென்று இருந்தால் அது நசுங்கும், ஆள் பின்னால் சரிவான். பெல்ட்டு முன்னால் விழாமல்தான் பிடிக்கும், பின்னால் போகிறவனை முழுசாகப் பிடிக்க அதற்குத் தெரியாது. அவன் கையில் கிளைடரின் மூக்கை ஏற்றி இறக்குகிற ஸ்டிக் இருக்கிறது. ஆள் பின்னால் போனால் கையும் போகும், கையோடு ஸ்டிக்கும் போகும். கிளைடர் தரையை விட்ட உடனே மூக்கைச் செங்குத்தாகத் தூக்கும். அதற்கப்புறம் யாருக்கும் நேரம் இருக்காது.

“புரிஞ்சுதா?” என்று கேட்டார். புரிந்தது. நான் ஒரு பிளைவுட் பலகையை அறுத்து, தொழிற்சாலையில் தூக்கிப்போட்ட கன்வேயர் ரப்பரை அதன்மேல் ஒட்டி, முதுகுக்கு வைத்துக்கொண்டேன். அது நசுங்காது. நசுங்குவது நான்தான். ஒருநாள் காரில் அதைப் பார்த்த மாமியார், “என்னா மாப்ள இது, பாசார்ல மீன் வெட்டுற பலகையா?” என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். “ஓ” என்றார். முதுகைப் பற்றி அப்போதும் கேட்கவில்லை.

கிளப்பில் இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, தனியாகவோ கூட ஆளோடோ, கிளைடரில் உட்கார்ந்தவர் தன் பெல்ட்டைத் தானே சரி என்று சொல்லக்கூடாது. வெளியே நிற்கிற ஒருவர் குனிந்து, இடுப்புப் பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்க்க வேண்டும். இடுப்புப் பெல்ட்டை முதலில் இறுக்கி, பிறகுதான் தோள் பெல்ட்டு. மாற்றிச் செய்தால் தோள் இழுப்பில் இடுப்புப் பெல்ட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். விரல் தாராளமாகப் போனால் மறுபடி இறுக்க வேண்டும். இரண்டாவது பழக்கம், யார் ‘ஸ்டாப்’ என்று கத்தினாலும் எல்லாம் நிற்க வேண்டும். சமையல்காரன் கத்தினாலும் சரி, வேடிக்கை பார்க்க வந்தவன் கத்தினாலும் சரி. ஏன் என்று நின்ற பிறகுதான் கேட்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் கழுவிவிட்டது மாதிரி இருந்தது. மழை வரும் என்று நான் வாரம் முழுக்க வேண்டியது வீண். மாமியார், என் மனைவி, மச்சினி மூன்று பேரும் என் காரில்தான் வந்தார்கள். சின்ன மாப்பிள்ளை தனியாகப் பறக்கப்போகிறார், அதற்குப் பெரிய மாப்பிள்ளை டிரைவர். மாமியார் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. மாரியம்மன் கோவிலில் அம்மன் காலடியில் வைத்து எடுத்து வந்தது என்றார். அதற்குள் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்படி ஒரு பை வந்ததே இல்லை, எதற்குக் கேட்பானேன்.

சகலை சிகுவோடு மூன்று தடவை ஏறி இறங்கினான். மூன்றும் பூ வைத்த மாதிரி இறங்கினான். அவன் இறங்கும் ஒவ்வொரு தடவையும் என் வயிறு ஒரு சுற்று எரிந்தது. மூன்றாவது தடவை சிகு பின் சீட்டிலிருந்து வெளியே வந்து, காலியான சீட்டின் பெல்ட்டுகளைப் பூட்டி இறுக்கிவைத்துவிட்டு, அவன் தோளைத் தட்டினார். மச்சினி கை தட்டினாள். என் மனைவியும் தட்டினாள். அதை நான் பார்த்துக்கொண்டேன்.

மாமியார் எழுந்து வந்தார். புது வண்டிக்குச் செய்கிற மாதிரி எலுமிச்சம்பழம், சூடம், திருநீறு எல்லாம் கொண்டுவந்திருந்தார். சிகு சூடத்தைப் பார்த்ததும், “ஆப்பி தா போலே, மாக்சிக்” என்று பணிவாகக் கையெடுத்தார். நெருப்பு கூடாதாம். எலுமிச்சைக்கு ஒத்துக்கொண்டார். ஆனால் கிளைடருக்கு வயிற்றுக்கடியில் பெரிய சக்கரம் ஒன்றுதான்.

“நாலு பழம் கொண்டாந்தேனே” என்றார் மாமியார், ஏமாந்துபோய்.

ஒன்றைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தோம். மிச்சம் மூன்றையும் சகலையின் காலடியில் வைக்கப்போனவரைச் சிகு தடுத்து, உள்ளே உருளுகிற பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு ரேடியோ மேசைக்கு நடந்துபோனார். அவர் திரும்பி நடந்ததும் பிளாஸ்டிக் பை திறந்தது.

நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கம்பி வந்து சேர்கிறதா என்று பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். உண்மையில் அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மாமியார் குரல் மட்டும் காதில் விழுந்தது. “இத முதுகுக்கு வச்சிக்குங்க மாப்ள. அம்மன் காலடியில வச்சது. வேணாம்னு சொல்லாதீங்க.” அவன், “சரி அத்தை” என்றான். வேறென்ன சொல்வான்? மாமியார் கையால் தைத்து, அம்மன் காலில் வைத்து, முதல் பறப்புக்கு எடுத்து வந்ததை எந்த மாப்பிள்ளை வேண்டாம் என்பான்? பெல்ட்டைத் தளர்த்தினான், பின்னால் எதையோ சொருகினான், மறுபடி பூட்டினான்.

“அண்ணே, செக் பண்ணுங்கண்ணே” என்றான்.

குனிந்தேன். இரண்டு விரலை விட்டேன். போகவில்லை. கின்னென்று இருந்தது. “ஓகே” என்றேன். அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. கண்ணாடி மூடியை இறக்கிவிட்டு இறக்கை முனைக்கு நடந்தேன்.

இறக்கையைப் பிடித்துச் சமமாகத் தூக்கினேன். ரேடியோவில் செய்தி போனது. வின்ச் ஓட்டுகிற சீன அங்கிள், ஊரில் லோரி மெக்கானிக், அந்த முனையில் விளக்கைப் போட்டார். புல்லுக்குள் கம்பி ஊர்ந்து தொய்வு இறுக ஆரம்பித்தது. இறுகி முடித்ததும் இழுப்பு வரும். அந்த நேரத்தில் இறக்கை பிடிப்பவர் முன்னால்தான் பார்க்க வேண்டும். நான் அவனைப் பார்த்தேன். கடைசியாக ஒரு தடவை வயிறு எரியப் பார்க்கலாம் என்று பார்த்தேன்.

கண்ணாடிக்குள் அவன் தோளுக்குப் பின்னால் அரக்குப் பட்டு. அதில் பச்சைக் கரை. கரையில் சின்னச் சின்ன மாங்காய்.

அது என் சேலை. எனக்குக் கல்யாணமான முதல் தீபாவளிக்கு, ஈப்போ லிட்டில் இந்தியாவில் மூன்று கடை ஏறி இறங்கி, மாமியாருக்கு நான் எடுத்துக்கொடுத்த பட்டுச் சேலை. பதினாலு தீபாவளி பார்த்துவிட்டேன், அதை அவர் கட்டி நான் பார்த்ததே இல்லை. “பெட்டியில பத்திரமா வச்சிருக்காங்க” என்பாள் மனைவி. பத்திரமாக வைத்திருந்த சேலையை வெட்டி இவன் முதுகுக்கு மெத்தை தைத்திருக்கிறார்.

“ஸ்டாப்!”

என் குரல்தான். இறக்கையைத் தரையில் இறக்கிவிட்டேன். ஒரு கை தானாக மேலே போனது. ரேடியோ மேசையில், “ஸ்டாப், ஸ்டாப், ஸ்டாப்” என்றார்கள். கம்பி நின்றது. சகலை மஞ்சள் குமிழை இழுத்தான், கம்பி கழன்று புல்லில் விழுந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தது. என்னைத் தவிர.

அப்போது எனக்குப் பாதுகாப்பு ஞாபகம் இல்லை. வின்ச் ஞாபகம் இல்லை, சிகு எடுத்த பாடம் ஞாபகம் இல்லை. என் சேலை அவன் முதுகில் மேலே போகக்கூடாது. அவ்வளவுதான். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்பார்களே, அதுதான் நான்.

சிகு ஓடிவந்தார். என்ன என்று கேட்டார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சேலை என்று எப்படிச் சொல்வேன்?

“குஷன்” என்றேன். வாயில் வந்தது அதுதான்.

பின்னால் மாமியார் மச்சினியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “நல்ல நேரத்துல தடுத்துப்புட்டாரு பாரு. எரியுதுடி அவருக்கு.”  மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அதே வாக்கியம் இருந்தது.

சிகு கண்ணாடி மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். முகம் மாறியது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, இரண்டு கையாலும் அவன் தோளைப் பின்னால் தள்ளச் சொன்னார். “தோலாக்!” தள்ளினேன். “குவாட் லாகி!” இன்னும் பலமாக வேண்டுமாம். அதை என்னிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருடக் கோழித் தொடையை நினைத்துக்கொண்டு தள்ளினேன்.

அவன் போனான். இலவம்பஞ்சு புஸ்ஸென்று அடங்க, பட்டு வழுக்க, நாலு விரல் பின்னால் போனான். ஸ்டிக்கைப் பிடித்திருந்த கையும் வயிற்றுக்கு வந்தது. மச்சினி, “ஏய், வாலப் பாரு” என்றாள். கிளைடரின் வாலில் இருக்கிற தட்டு முழுசாக மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

“இப்ப விரல விட்டுப் பாரு” என்றார் சிகு மலாயில்.

விட்டேன். இரண்டு விரல் இல்லை, என் கை மணிக்கட்டுவரை போனது. சற்று முன் கின்னென்று இருந்ததே, அது பெல்ட்டின் இறுக்கம் இல்லை, பஞ்சு உப்பிக்கொண்டிருந்த இறுக்கம். அதைத் தொட்டுப் பார்த்து ஓகே சொன்னவன் நான். அவன் பின்னால் என்ன சொருகினான் என்று பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓகே சொன்னவன்.  பெல்ட்டுக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்கச் சற்று நேரம் பிடித்தது.

சிகு மாமியாரிடம் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார், சகலை தமிழில் சொன்னான். அப்படியே இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னான். மாமியார் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். மச்சினி என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, மாமா” என்று அழுதாள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. கல்யாணமான புதிதில் அப்படிப் பார்த்திருக்கிறாள்.

குஷன் இல்லாமல், வெறும் சீட்டில், இடுப்பை முதலில் இறுக்கி, பிறகு தோளை இறுக்கி, அரை மணி நேரம் கழித்து அவன் போனான். பெல்ட்டை இந்தத் தடவை மூன்று முறை பார்த்தேன். இறக்கையைப் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு ஓடினேன். இறக்கை கையை விட்டுப் போனது. செம்பனைக்கு மேலே, சுண்ணாம்பு மலைகளுக்கு நேராக, தனியாக, என் சகலை வட்டமடித்தான். அவன் சாகாமல் இருந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அதோடு வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இறங்கும்போது பூ வைத்த மாதிரியே இறங்கினான்.

மத்தியானம் சிலிபினில் சாப்பாடு. கோழியின் இரண்டு தொடையும் என் தட்டுக்கு வந்தன.

“பெரிய மாப்ள மட்டும் இல்லேனா இன்னிக்கு என் மக நெலம என்னா” என்று பாகான் டத்தோவில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னார் மாமியார். “ஒரு பார்வதான் பாத்தாரு. எட்ட நின்னே கண்டுபிடிச்சிட்டாரு. வெவரமான மனுசன்லா.” பிறகு பக்கத்து வீட்டுக்குச் சொன்னார், கோவிலில் சொன்னார். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்தது, ஊரே காக்காவுக்கு மாலை போட்டது. ஆறு வருடம் நான் ஆசைப்பட்டதெல்லாம் ஒரே நாளில் வந்து குவிந்தது. அந்தத் தொடையை என்னால் கடிக்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி, “எப்புடிங்க கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டாள்.

“அனுபவம்தான்” என்றேன்.

இரண்டு மாதம் கழித்து மாமியார் என்னைக் கூப்பிட்டு ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே குஷன். அரக்குப் பட்டு, பச்சைக் கரை. மிச்சமிருந்த பாதிச் சேலை.

“ஒங்க மீன் பலகைய தூக்கிப் போடுங்க மாப்ள. இது பஞ்சு இல்ல. பாகான் டத்தோலேர்ந்து தேங்கா நாரு கொண்டாரச் சொல்லி, அடிச்சு அடிச்சு அடச்சிருக்கேன். குத்திப் பாருங்க.” குத்தினேன். கைதான் வலித்தது. “சேல ஞாபகம் இருக்கா? நீங்க எடுத்துக் குடுத்ததுதான். முட்டி ஆபரேசனுக்கு அததான் கட்டிட்டுப் போனேன். ரெண்டே வாரத்துல எழுந்து நடந்தேன்ல. அவ்ளோ ராசி. அதுக்கப்பறம் கட்ட மனசு வரல, பெட்டியில வச்சிட்டேன். சின்ன மாப்ள மேல போறாருன்னதும், இதவிட ராசியானது நம்ம வீட்ல வேற என்னா இருக்குன்னு வெட்டிட்டேன்.”

அந்த ஆபரேஷன் அன்று அவர் என்ன கட்டிப் போனார் என்று எனக்குத் தெரியாது. நான் ஷிஃப்டில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் கூட இருந்தது சகலை. என் சேலையை மதிக்கவில்லை என்று பதினாலு தீபாவளி முறைத்துக்கொண்டிருந்தேன், வீட்டில் அதைவிட ராசியானது இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். குஷனை வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “டீ குடிக்கிறீங்களா மாப்ள?” என்றார். குடித்தேன்.

சிகு அந்தக் குஷனைத் தரையில் போட்டு முழங்காலை வைத்து அழுத்தி, பிறகு ஏறி நின்றும் பார்த்தார். அது அசையவில்லை. சீட்டோடு சேர்த்துக் கட்டுவதற்கு நான் நாடா தைத்தேன். பலகைக்கு ஓய்வு கொடுத்தேன். முதுகு வலி மட்டும் அப்படியே இருந்தது, நார் என்ன பலகையைவிட மெத்தென்றா இருக்கும்? ஆனால் யாரும் கேட்டால் வலிக்கவில்லை என்றுதான் சொன்னேன்.

இன்னும் மூன்று மாதம் போனது. தரைக்கும் எனக்கும் ஒருவழியாக ஒத்துப்போக ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிகு பின் சீட்டிலிருந்து இறங்கி, பெல்ட்டுகளைப் பூட்டிவைத்துவிட்டு, என் தோளைத் தட்டினார். முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை, அதனால் எலுமிச்சம்பழம் இல்லை, மாமியார் இல்லை, கை தட்ட மனைவி இல்லை. சகலை மட்டும் இருந்தான். பெல்ட்டுப் பார்க்க அவன்தான் வந்தான்.

குனிந்தான். இடுப்புப் பெல்ட்டை இழுத்து இறுக்கினான். தோளைப் பிடித்துப் பின்னால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தான். அந்த நாளுக்குப் பிறகு இது கிளப்பில் மூன்றாவது பழக்கமாகிவிட்டது. நான் அசையவில்லை. இரண்டு விரலை விட்டான். அப்படியே விரலை எடுக்காமல், பச்சைக் கரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

“அண்ணே. அன்னிக்கு நீங்க பாத்தது சேலயத்தானே?”

 பெல்ட்டால் கட்டிப்போட்டிருக்கிற மனிதன் எங்கே ஓடுவான்?

“அது ஒங்க சேலன்னு என் ஒய்ஃப் அன்னிக்கு சாயங்காலமே சொன்னா. அப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சு. குஷன் பஞ்சா நாரான்னு கண்ணாடி வழியா யாருக்குண்ணே தெரியும்?”

“சகலை...”

“நான் யார்ட்டயும் சொல்லலண்ணே. அத்தைட்டயும் சொல்லல, அக்காட்டயும் சொல்லல.” விரலை எடுத்தான். “நல்லவேள, ஒங்களுக்கு வயிறு எரிஞ்சுது. இல்லாட்டி நான் இன்னிக்கு இருக்க மாட்டேன்லா. போய்ட்டு வாங்க. ஓகே.”

பதில் சொல்வதற்குள் கண்ணாடி மூடியை இறக்கிவிட்டு இறக்கை முனைக்குப் போய்விட்டான். கம்பி ஊர்ந்தது, இறுகியது. பிறகு இழுப்பு வந்தது. என் உடம்பு முழுக்கப் பின்னால் போய் மாமியாரின் தேங்காய் நாரில் அழுந்தியது. ஒரு விரல்கூடச் சரியவில்லை. கை இருந்த இடத்தில் இருந்தது. மூக்கு பையத் தூக்கி, செம்பனை கீழே போய், வானம் மட்டும் மிஞ்சியது. மஞ்சள் குமிழை இழுத்தேன். சத்தமெல்லாம் நின்றது.

மூன்று வருடத்துக்கு மேல் காத்திருந்த இடம். கூட யாரும் இல்லை. ஈப்போ ஒரு பக்கம், மலை ஒரு பக்கம். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஐந்து மாதம் அவன் இதை மனதில் வைத்துக்கொண்டு, என் தட்டில் விழுந்த தொடையையெல்லாம் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அன்று சாயங்காலமே சிலிபின் முழுக்கச் சொல்லியிருப்பேன். இதிலும் அவன்தான் எனக்கு முந்திக்கொண்டான்.